மயில் மீது அமர்ந்த சிவகாசிக்காரர்

சிவகாசி என்றதும் பட்டாசு நினைவுக்கு வரும். தீப்பெட்டி நினைவுக்கு வரும். சுவரில் தொங்கும் காலண்டர் நினைவுக்கு வரும். ஆனால் 1886-ம் ஆண்டில் அங்கே இவை எதுவும் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பியதே அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். மழை குறைந்த கரிசல் காட்டு ஊர். வண்டி மாடுகளும் வியாபாரமுமாக இருந்த ஊர். அந்த ஊரில், 1886-ம் ஆண்டு ஜூன் மாதம், சுப்பிரமணியம் - ஞானாம்பாள் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான்.

அவன்தான் பிற்காலத்தில் தென்னாட்டு நாடக மேடைகளைக் கலக்கிய விசுவநாத தாஸ்.

பாட்டிமார், தாத்தாமார் இருக்கும் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம். "தாஸ் நாடகம்" என்றால் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. போனவர்களில் போலீசாரும் உண்டு!

தாஸ் பிறந்தது முடி திருத்தும் குலத்தில். மருத்துவர் என்றும் அவர்களைச் சொல்வார்கள். அந்த நாளில் ஊருக்குச் சவரம் செய்தவர்கள் அவர்கள். புண்ணுக்கு மருந்து போட்டவர்கள் அவர்கள். பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். ஊரில் எந்தக் குழந்தையை முதலில் தொட்ட கையும் அவர்கள் கைதான். ஆனால் அவர்களைத் திண்ணையில் உட்கார வைக்க ஊருக்கு மனம் வரவில்லை.

பையனுக்குக் குரல் இருந்தது. நல்ல குரல். குடும்பம் மதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே உள்ள திருமங்கலத்தில் குடியேறியது. சிறுவன் நாடகத்துக்குப் போனான். முதலில் பெண் வேடம். பிறகு ராஜபார்ட்.

மைக் இல்லாத காலம்

அந்த நாள் நாடகம் எப்படி இருக்கும் என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். இன்று சினிமாவே கைக்குள் வந்துவிட்டது. இளையவர்களுக்கு அது புரியாது.

இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் ஒலிக்கும். விடியும்போதுதான் மங்களம். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். விழாவிட்டால் அவன் எழுந்து சத்தம் போடுவான். ஆகவே தொண்டை இருப்பவன்தான் ராஜபார்ட். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் பெயர் எடுத்ததும் இந்தக் குரல் பலத்தால்தான்.

இதில் "ஸ்பெஷல் நாடகம்" என்று ஒரு முறை. ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊர்க்காரர். பபூன் மூன்றாவது ஊர். தனித்தனியாக அச்சாரம் வாங்கிக்கொண்டு வருவார்கள். மாலையில் கொட்டகையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. அப்படியிருந்தும் நாடகம் தடங்கலின்றி நடக்கும். காரணம், சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த அந்தப் பெரியவர் எழுதிவைத்த வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்கள் நடிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

கதை எல்லோருக்கும் பொது. ஆனால் பாட்டு அவரவர் சொந்தம்! எந்த இடத்தில் எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பது நடிகரின் இஷ்டம். தாஸ் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

தினைப்புனத்தில் வெள்ளைக் கொக்கு

1919-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமிர்தசரஸ் நகரில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. நாடே கொதித்தது. அப்போது நம் கிராமங்களில் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். பஞ்சாப் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களே அதிகம். அவர்களுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோனவர்களில் நாடகக்காரர்கள் முக்கியமானவர்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் பஞ்சாப் கொடுமையைப் பாட்டாக எழுதினார். விசுவநாத தாஸ் அதை மேடையில் பாடினார்.

பாஸ்கரதாஸ் இன்னொரு பாட்டும் எழுதினார். அதுதான் தாஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாட்டு.

வள்ளி திருமணம் கதை யாருக்குத் தெரியாது? வேடர் குலப் பெண் வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து பறவைகளை ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், அவளோடு தர்க்கம் செய்து கடைசியில் மணக்கிறான். காலம் காலமாக நடக்கும் பக்திக் கதை. இதில் அரசாங்கத்துக்கு என்ன பயம்?

பயம் பறவையில் இருந்தது. வயலைக் கொள்ளையடிக்க வந்த வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார் தாஸ். கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த பாமரனுக்கும் தெரியும். கைதட்டல் வானைப் பிளக்கும். போலீஸ்காரருக்கும் கொக்கு யார் என்று தெரியும். ஆனால் வழக்கு எழுதும்போது என்ன எழுதுவார்? "முருகக் கடவுள் தினைப்புனத்தில் கொக்கை விரட்டினார்" என்றா?

மராட்டிய நாட்டிலும் இப்படி ஒரு கதை நடந்தது. காடில்கர் என்பவர் 1907-ல் "கீசக வதம்" என்று ஒரு நாடகம் எழுதினார். மகாபாரதக் கதைதான். ஆனால் கீசகனைப் பார்த்த ஜனங்களுக்கு வைசிராய் கர்சன் பிரபுவே தெரிந்தார். 1910-ல் அரசாங்கம் அந்த நாடகத்தைத் தடை செய்தது. நாடகத்தை அடக்குவதற்கென்றே 1876-ல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசருக்கு வீட்டில் வரவேற்பு கொடுத்த ஒருவரைக் கேலி செய்து நாடகம் போட்டதால் பிறந்த சட்டம் அது. சுதந்திரம் வந்த பிறகும் அது ஏட்டில் கிடந்தது. 2018-ம் ஆண்டு ஜனவரியில்தான் ஒழிந்தது என்றால் நம்ப முடிகிறதா?

சென்னை ராஜதானியில் தாஸுக்குத் தொல்லை வந்தபடியே இருந்தது. நாடகத்துக்குத் தடை விதிப்பார்கள். தடையை மீறிப் பாடுவார். கைது செய்வார்கள். விடுதலையாகி வந்ததும் அடுத்த ஊர் மேடையில் அதே பாட்டு! பலமுறை சிறை சென்றார். மேடையில் கடவுள் வேடத்துக்கும் கதர் உடுத்தினார். பாட்டுப் புத்தகங்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் கொட்டகை வாசலில் விற்கும். நாடகம் பார்த்துவிட்டுப் போனவன் மறுநாள் ஏர் உழும்போது அந்தப் பாட்டைப் பாடுவான். ஏர் உழுகிறவனையெல்லாம் பிடித்துப் போட எந்த ஊரில் சிறை இருக்கிறது?

கும்பிட்டவர்களும் ஒதுக்கியவர்களும்

வெள்ளைக்காரனோடு நடத்திய போராட்டம் ஊரறிந்தது. தாஸ் நடத்திய இன்னொரு போராட்டம் திரைக்குப் பின்னால் நடந்தது.

முருகன் வேடம் போட்டு மயில் வாகனத்தில் அவர் வந்து அமர்ந்தால் முன்வரிசைப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் வேடத்தைக் கலைத்துவிட்டால்? மறுபடியும் அவர் சவரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அவருடைய சாதியைக் காரணம் காட்டி, வள்ளியாக ஜோடி சேர மறுத்த நடிகைகள் உண்டு. இத்தனைக்கும் நாடகத் தொழிலையே அன்றைய சமூகம் இழிவாகத்தான் பார்த்தது. "கூத்தாடி" என்று ஊர் ஒதுக்கியவர்களே தங்களுக்குள் ஒருவரை ஒதுக்கினார்கள். வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடிய மனிதர் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

அவரோடு மேடையேறத் துணிந்த நடிகைகளும் இருந்தார்கள். அதனால்தான் நாடகம் நடந்தது. அந்தப் பெண்களின் துணிவும் சாதாரணமானதல்ல. தாஸோடு நின்றால் சாதிக்காரர்களின் ஏச்சு ஒரு பக்கம், போலீசாரின் கெடுபிடி மறுபக்கம்.

1931-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "காளிதாஸ்" வெளிவந்தது. தமிழ் பேசிய முதல் படம். அதற்குப் பாட்டு எழுதியவரும் பாஸ்கரதாஸ்தான். காந்தியின் ராட்டினப் பாட்டுகூட அதில் இருந்தது. பேசும் படம் வந்த பிறகு நாடகக் கொட்டகைக்குப் பழைய கூட்டம் இல்லை. பல கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாக மாறின. சுந்தராம்பாள் போன்ற சிலர் படத்திலும் கொடி நாட்டினார்கள். தாஸின் கடைசி மூச்சு மேடையில்தான்.

சிறைக்குப் போய் வந்துகொண்டிருந்த நடிகருக்கு வருமானம் ஏது? உள்ளே இருக்கும் நாட்களில் நாடகம் இல்லை. வெளியே வந்தால் அச்சாரம் கொடுக்கக் காண்ட்ராக்டர்கள் அஞ்சினார்கள். தடை வந்தால் அவர்கள் போட்ட முதல் போய்விடுமே! வீட்டில் வறுமை புகுந்தது.

சென்னையில் கடைசி இரவு

1940-ம் ஆண்டு. ஐரோப்பாவில் யுத்தம். இங்கே காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிய நேரம். டிசம்பர் மாதம் தாஸ் சென்னைக்கு வந்தார். ராயல் தியேட்டரில் நாடகம்.

டிசம்பர் 31. வருஷத்தின் கடைசி இரவு. வள்ளி திருமணம். மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார் விசுவநாத தாஸ். பாட்டின் நடுவே குரல் நின்றது. மயிலின் மேலேயே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 54.

மறுநாள் 1941-ம் ஆண்டு பிறந்தது. முருகன் வேடத்தோடேயே அவரது உடலைச் சென்னைத் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வேடத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. திரளாகக் கூடிய ஜனங்களில் யார் எந்தச் சாதி என்று அன்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தால், அது வெட்கக்கேடு!

திருமங்கலத்தில் அவருக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது. சிவகாசியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் விருதுநகரைத் தாண்டினால் வழியில் வரும் ஊர்தான். தென்மாவட்டங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழா நாட்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. மைக் வந்துவிட்டது, வண்ண விளக்கு வந்துவிட்டது. விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தினைப்புனக் காட்சி வரும்வரை தூங்காமல் இருக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பரணுக்கு எதிரே நின்று ஒருவர் கொக்கைப் பாடி ஜெயிலுக்குப் போன கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம்.