வெளிறும் முருகைகள்

முருகை வெறுங் கல்லன்று. கல்லின்மேல் வாழும் உயிர். அதன் மெல்லுடலுள் உறையும் நுண்பாசியே ஒளியினால் உணவாக்கி அதனை ஊட்டுகின்றது; நிறத்தையும் பெரிதும் அதுவே தருகின்றது. நீர் மிகச் சூடேறின் பாசி நீங்கும், முருகை வெளிறும். 1998இல் ஹிக்கடுவைக் கடலில் நேர்ந்ததும் இதுவே.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வெண்மை கண்டவுடன் இறந்ததெனக் கைவிடுதல் தகாது. வெண்கல்லின்மேல் மெல்லிய தசை எஞ்சின் உயிர் உண்டு. விளக்கைக் கூட்டுதலுந் தீது. மிகையொளியும் வெளிறச் செய்யும். நாம் முதலில் அளந்தறிவன வெப்பமும் உப்புமே. வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டியும், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்காகவும் நிற்றல் நன்று. ஆவியாவது நீரே, உப்பு எஞ்சும். ஆதலின் குறைந்ததை உப்புநீராலன்றித் தூய நன்னீரால் நிரப்புதல் வேண்டும். பலர் வழுவும் இடம் இதுவென்பது எம் கருத்து. பிழை கண்டபின்னும் சில நாட்களிற் சிறிது சிறிதாகவே திருத்துக. ஒரே பொழுதிற் செய்யும் பெருமாற்றத்தை நலிந்த முருகை தாங்காது.