பழைய நகரமும் புதிய முதலீடும்

பினாங்குத் தைப்பூசத்திற்குச் சென்று வந்த நம்மில் பலர், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைக் கண்டிருப்போம். அவற்றுள் பல ஒரு காலத்தில் சிதைந்து கிடந்தது ஏன்?

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் காத்தது. ஏழைகள் பயனடைந்தனர். ஆயினும், வருமானம் குறைந்த உரிமையாளர்கள் பழுது பார்க்க முன்வரவில்லை. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் வாடகை உயரவே, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர் பலர் வெளியேறினர்; நகரின் நடுப்பகுதி வெறுமையுற்றது.

2008இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2009இல் தோன்றிய திங்க் சிட்டி நிறுவனம், கட்டடங்களைச் செப்பனிட மானியம் வழங்கியது. பயணிகள் பெருகினர், உணவகங்களும் விடுதிகளும் எழுந்தன. வேலை வாய்ப்பும் வந்தது. அதே வேளையில், சொத்து விலையும் வாடகையும் ஏறின. பழைய சிறு வணிகர்களுக்கு அது சுமையாயிற்று.

மரத்தை ஆழமாக வெட்டினால் பட்டை புண்பட்டு, பின்னாளில் பால் குறையும் என்பதைப் பால் வெட்டுவோர் அறிவர். நகரமும் அத்தகையதே. முதலீடு வேண்டும், அங்கு வாழ்வோர் நிலைத்திருக்க வழியும் வேண்டும். மக்கள் நீங்கிய நகரம், எத்துணை அழகு பெற்றாலும் வெறும் காட்சிப்பொருளே என்பதை நாம் மறத்தலாகாது.