மவுஸ் கிளிக்கில் மரபணு ஜெராக்ஸ்!

2020-ல கொரோனா புண்ணியத்துல டீக்கடை வரைக்கும் பிரபலமான வார்த்தை, பி.சி.ஆர். 'பாசிட்டிவா, நெகட்டிவா?'னு கேட்கத் தெரிஞ்ச உங்களுக்கு, அதுக்குள்ள என்ன நடக்குதுனு தெரியுமா பாஸ்?

சிம்பிள்! அது ஒரு டி.என்.ஏ ஜெராக்ஸ் மெஷின். 95 டிகிரியில சூடாக்கினா டி.என்.ஏ-வின் இரட்டை இழை தனித்தனியாப் பிரியும். 55 டிகிரிக்கு இறக்கினா, 'ப்ரைமர்'ங்கிற குட்டித் துண்டுகள் தன் ஜோடியைத் தேடி ஒட்டிக்கும். 72 டிகிரியில ஒரு என்ஸைம் வந்து எதிர் இழையைக் கட்டி முடிக்கும். ஒண்ணு ரெண்டாச்சா? இதையே 30 ரவுண்டு ஓட்டினா, கணக்குப்படி 107 கோடி காப்பி! 1983-ல இந்த ஐடியாவைப் பிடிச்ச அமெரிக்கர் கேரி முல்லிஸுக்கு 1993-ல வேதியியல் நோபல் பரிசு கிடைச்சது.

வில்லன் யாருன்னா, அதே ப்ரைமர்தான். அது தப்பான இடத்துல ஒட்டினா எல்லாமே வேஸ்ட். ப்ரைமரை ஆர்டர் பண்ணி, வந்து சேரக் காத்திருந்து, காஸ்ட்லி என்ஸைமைக் கலந்து, மெஷினை ஓட்டி, கடைசியில ஜெல்லைப் பார்த்தா... ஒரு கோடுகூட இருக்காது. லேப்ல ஒரே மெஷின், கிளாஸ்ல அறுபது பேர்னா, ரெண்டாவது சான்ஸ் கிடைக்குமா என்ன?

இங்கேதான் கம்ப்யூட்டர் என்ட்ரி. பேரு, 'இன் சிலிகோ பி.சி.ஆர்'. அதாவது, டெஸ்ட் ட்யூபுக்குப் பதிலா சிலிக்கான் சிப்புல நடக்கிற சோதனை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகம் இதை இலவசமாவே தருது. ரெண்டு ப்ரைமரோட எழுத்துகளை டைப் பண்ணுங்க. மனித டி.என்.ஏ-வின் சுமார் 300 கோடி எழுத்துகளையும் அலசி, எங்கே ஒட்டும், கிடைக்கிற துண்டு எவ்வளவு நீளம்னு சொல்லிடும். ப்ரைமரை டிசைன் பண்ணவே தெரியலையா? அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தரும் 'ப்ரைமர் பிளாஸ்ட்' இருக்கு. அதுவும் ஃப்ரீ!

பேப்பர்லயே ஒரு குட்டி சிமுலேஷன் பார்க்கலாமா? ப்ரைமர்ல ஏ, டி எழுத்துக்குத் தலா 2 டிகிரி. ஜி, சி எழுத்துக்குத் தலா 4 டிகிரி போடுங்க. 20 எழுத்துல பாதிக்குப் பாதின்னா 20+40=60. ஏறக்குறைய அந்தச் சூட்டுல ப்ரைமர் கழண்டுக்கும். அதனால, 5 டிகிரி குறைச்சு 55-ல ஆரம்பிக்கலாம்.

இது விளையாட்டு மட்டும் இல்லை. 2020 கடைசியில, பிரிட்டன்ல ஆல்ஃபா வகை கொரோனா பரவினப்போ, ஒரு பி.சி.ஆர். டெஸ்ட்ல மூணு மரபணு சிக்னல்ல ஒண்ணு காணாமப்போச்சு. டெஸ்ட் குறிவெச்ச இடத்துல ஆறே ஆறு எழுத்து விட்டுப்போனதுதான் காரணம். மத்த ரெண்டு சிக்னல் காப்பாத்துச்சு. வைரஸோட எழுத்து வரிசை கைக்கு வந்துட்டா, இந்த மாதிரி ஓட்டையை கம்ப்யூட்டர்லயே தேடிப் பிடிக்கலாம்.

அப்போ லேப்புக்குப் பூட்டுப் போட்டுடலாமா? அவசரப்படாதீங்க! கம்ப்யூட்டருக்குக் கை நடுங்காது. பக்கத்து ட்யூப்ல இருந்து ஒரு துளி தெறிக்காது. சாம்பிள் கெட்டுப்போகாது. நிஜ லேப்ல இதெல்லாமே நடக்கும். அதைச் சமாளிக்கிறதுதான் நாளைக்கு உங்களுக்கு வேலை வாங்கித் தரும். அதனால, 'சிமுலேஷன் காட்டியாச்சு, பிராக்டிகல் ஓவர்'னு யாராவது சொன்னா தலையாட்டாதீங்க.

ஸ்கிரீன்ல பத்து தடவை தோத்துட்டு, பதினோராவது தடவை பிப்பெட்டைத் தொடுங்க. அப்புறம் பாருங்க, ஜெல்லுல கோடு பளிச்னு தெரியும்!