பெயரை இழக்கும் தெய்வங்கள்

ஜாவாவின் முஸ்லிம் ஐந்து வேளைத் தொழுகையையும், பாலியின் இந்து தன் கோயில் வழிபாட்டையும் ‘செம்பஹ்யாங்’ என்றே சொல்வதுண்டு. ‘செம்பஹ்’ வணக்கம், ‘ஹ்யாங்’ தெய்வம். இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் மதங்கள் போய்ச் சேரும் முன்பே அந்தத் தீவுகளில் புழங்கிய சொல் ‘ஹ்யாங்’ என்கிறார்கள் மொழியறிஞர்கள். மேற்கே சுண்டா மக்களின் மலைநாட்டுக்குப் ‘பராஹ்யாங்கன்’ என்று பெயர். நடு ஜாவாவில் 2,000 மீட்டர் உயரத்தில் பழைய சிவன் கோயில்கள் நிற்கும் தியெங் பீடபூமியின் பெயரிலும் ‘ஹ்யாங்’ ஒளிந்திருக்கிறது.

ஜாவாக்காரர் அல்லாவையும் ‘கூஸ்தி அல்லா’ என்பார். ‘கூஸ்தி’ என்றால் ஆண்டவன். அரச குடும்பத்தாருக்கும் அதே சொல்தான். சுண்டா விவசாயிக்கு நெல்லே தெய்வம்: ஞி போஹாச்சி. அறுவடைத் திருவிழாவான ‘செரென் தாவுன்’ அன்று நெற்கதிர்க் கட்டுகளைச் சுமந்து ஊர்வலமாகப் போய்க் களஞ்சியத்தில் சேர்ப்பார்கள். ஜாவாவிலும் பாலியிலும் அவளே தேவி ஸ்ரீ. சிவனோ ‘பதாரா குரு’. நம் பழைய கல்வெட்டுகள் இறைவனைப் ‘படாரர்’ என்பதும் இந்த ‘பதாரா’வும் ஒரே வடமொழி வேரில் கிளைத்தவை.

பாலிக் கோயிலின் பத்மாசனத்தைப் பாருங்கள். அடியில் ஆமை, அதைச் சுற்றிய நாகங்கள், உச்சியில் கல் இருக்கை. அதில் பெரும்பாலும் சிலை இருக்காது. ‘சங் ஹ்யாங் விதி வாசா’வுக்கான இடம் அது. ‘ஒரே இறைவன்’ என்பதை 1945-இல் இந்தோனேசியா அரசுக் கொள்கையாக்கிய பிறகு, இந்தப் பெயரையே பாலி இந்துக்கள் முன்னிறுத்தினார்கள்.

இங்கேதான் கவலை தொடங்குகிறது. அடையாள அட்டையின் மதக் கட்டத்தில் இடம்பெற்றவை ஆறு மதங்கள் மட்டுமே. ‘சுண்டா விவிதான்’ போன்ற மண்ணின் வழிபாட்டுக்காரர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்களுக்கு நியாயம் வழங்கியது. ஆனால் அட்டையில் ஏறியது ‘ஒரே இறைவன் மீதான நம்பிக்கை’ என்ற பொதுவாசகம். எந்த வழிபாட்டின் சொந்தப் பெயரும் ஏறவில்லை.

நூற்றுக்கணக்கான மொழிகள் உள்ள நாட்டுக்குப் பொதுச்சொல் வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் நகரத்து வீடுகளில் பிள்ளைகள் இந்தோனேசிய மொழியிலேயே வளர்கிறார்கள். வீட்டிலும் கேட்காமல், அட்டையிலும் இல்லாமல் போனால் போஹாச்சியை எந்தப் பிள்ளை பெயர் சொல்லி அழைக்கும்? ‘சுண்டா விவிதான்’ என்று அச்சடிக்க அந்தக் கட்டத்தில் இடம் உண்டு, அச்சடிக்க வேண்டும்.