இளநீரைப் பிடுங்கிய அக்கா!

மெஸ் சாம்பார்ல பருப்பைத் தேடி அலுத்துப்போன நண்பர்களே, சாப்பாட்டையே பாடமாப் படிக்கிற ஒருத்தரைப் பத்திச் சொல்லட்டுமா? என் பெரியம்மா பொண்ணு. கோவையில் எம்.எஸ்ஸி., கிளினிக்கல் நியூட்ரிஷன் இரண்டாம் வருஷம்.

போன தீபாவளிக்கு, டயாலிசிஸ் செய்துக்கிட்டு இருக்கிற தாத்தாவுக்கு மாமா பாசமா இளநீர் சீவிக் கொண்டுவந்தார். அக்கா பட்டுனு பிடுங்கிட்டாங்க. வீடே ஷாக்! 'உடம்புக்குக் குளிர்ச்சிதானேடி?'னு பாட்டி சண்டைக்கே வந்துட்டாங்க. விஷயம் என்னன்னா, இளநீர்ல பொட்டாசியம் அதிகம். உங்களுக்கும் எனக்கும் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிடும். தாத்தாவுக்குத் தள்ளாது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினா இதயத் துடிப்பு தாறுமாறாகும்; நின்னும் போகலாம். 'நல்லது'னு நாங்க வாங்கிவெச்ச சோடியம் குறைஞ்ச உப்பும் அவுட். அதுல சோடியத்துக்குப் பதிலா சேர்க்கிறது பெரும்பாலும் பொட்டாசியம்தான்!

'சமைக்கக் கத்துக்க எம்.எஸ்ஸி.யா?'னு அக்காவை அதிகமா ஓட்டினது நான்தான். பி.இ. திமிர்! அவங்க நோட்டைப் பார்த்தப்புறம் கப்சிப். ஐ.சி.யூ.வில் குழாய் வழியா உணவு போகிற 60 கிலோ நோயாளி. கிலோவுக்கு 25 கிலோகலோரினா, ஒரு நாளைக்கு 1,500. மில்லிக்கு ஒரு கிலோகலோரி தர்ற திரவம்னா ஒன்றரை லிட்டர், அதாவது மணிக்குச் சுமார் 62 மில்லி. 'இவ்ளோதானா?'னு கேட்டேன். 'அவர் பத்து நாளா சரியா சாப்பிடலைன்னா?'னு திருப்பிக் கேட்டாங்க. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு முழு அளவு கொடுத்தா, ரத்தத்தில் பாஸ்பேட் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகுமாம். பேரு ரீஃபீடிங் சிண்ட்ரோம். அதனால கிலோவுக்கு 10-ல் ஆரம்பிச்சு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து ஏத்தணும். நம்ம லேப்ல கணக்கு தப்பினா ரிப்பீட் எழுதலாம். அங்கே?

இந்தத் துறைக்கு நம்ம ஊர்ல வேர் இருக்கு பாஸ். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பிச்ச சின்ன அமைப்பா இருந்ததுதான். அங்கேயும் எம்.எஸ்ஸி. உண்டு. கோவை அவினாசிலிங்கம் பெண்களுக்கு மட்டும் (பசங்களா, ஸாரி!). பி.எஸ்ஸி.யில் நியூட்ரிஷனோ ஹோம் சயின்ஸோ படிச்சிருந்தா சுலபம். வேற பாடம்னா காலேஜுக்கு காலேஜ் விதி மாறும், கேட்டுக்கோங்க. படிப்போட ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடிச்சு, இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் தேர்வை பாஸ் பண்ணினா 'ஆர்.டி.', அதாவது ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்.

ஒரு எச்சரிக்கை. அக்காவோட ஃப்ரெண்ட் ஒருத்தங்க வேலை பார்த்துக்கிட்டே தபால்வழியில் இதைப் படிக்கலாம்னு காசு சேர்த்துவெச்சிருந்தாங்க. கட்டறதுக்குள்ள, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இந்தப் படிப்பைத் தொலைநிலையிலும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிடுச்சு. இப்போ வேலையா, படிப்பான்னு முழிக்கிறாங்க. யாராவது 'வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி.'னு ஆசை காட்டினா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி யு.ஜி.சி. அனுமதியைப் பாருங்க.

தாத்தாவா? காயை நறுக்கி, நிறையத் தண்ணியில் வேகவெச்சு, வடிச்சு, பொட்டாசியத்தைக் குறைச்ச கூட்டுதான் இப்போ தினமும். போன ஞாயிறு போன்ல அக்காகிட்ட, 'உப்பும் இல்ல, சப்பும் இல்ல, இதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?'னு கேட்டார். பக்கத்துல பாட்டி, 'பேசாம சாப்பிடுங்க, பிள்ளை சொன்னா சரியா இருக்கும்'னாங்க!