பூனையின் குடலில் மட்டும்

1959இல் பம்பாயில் செய்த ஓர் இரத்தப் பரிசோதனை ஒட்டுண்ணி ஆய்வாளர்களைக் குழப்பிவிட்டது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, சரியாக வேகாத இறைச்சி வழியாக மனிதர்களுக்கு வருகிறது என்று அப்போது சந்தேகித்தார்கள். அப்படியானால் இறைச்சியே தொடாதவர்களுக்கு அது வரக்கூடாது. சைவக்காரர்கள், அசைவக்காரர்கள் என்று இரு தரப்பாரின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். தொற்றின் தடயம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது.

அதற்காக இறைச்சியை விட்டுவிடவும் முடியவில்லை. 1965இல் பாரிஸிலிருந்து வந்த ஆய்வு அதன் மேல் இருந்த சந்தேகத்தை உறுதியாக்கியது. காசநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்த குழந்தைகளுக்கு அரைவேக்காட்டு மாட்டிறைச்சி கொடுத்தபோது தொற்று பல மடங்கு கூடியது. ஆட்டிறைச்சியையும் சேர்த்தபோது இன்னும் ஏறியது. ஆக, இறைச்சியில் இருக்கிறது. ஆனால் ஆட்டுக்கு எப்படி வந்தது? ஆடும் பம்பாய் சைவக்காரரைப் போல இலை தழை தின்கிற பிறவிதானே?

விடையின் முதல் நுனி கிளாஸ்கோவில் வில்லியம் ஹட்சிசன் கையில் சிக்கியது. தொற்றுள்ள எலியைத் தின்ற பூனையின் மலத்தைத் தண்ணீரில் மாதக்கணக்கில் போட்டு வைத்து, பிறகு சுண்டெலிக்குக் கொடுத்தார். சுண்டெலிக்குத் தொற்று வந்தது. பூனைக் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைக்குள் ஏறி இந்த ஒட்டுண்ணி பயணம் செய்கிறது என்று முதலில் நினைத்தார். புழுவே இல்லாத பூனைகளிடமிருந்தும் தொற்று வந்ததால் அந்தக் கணிப்பு பொய்த்தது. 1970 வாக்கில் பல குழுக்கள் உண்மையைக் கண்டடைந்தன. இந்தியாவில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து அமெரிக்கா போன ஜே.பி. துபே அவற்றில் ஒரு குழுவில் இருந்தார். டாக்ஸோபிளாஸ்மா தனக்கென்றே ஒரு முட்டை வைத்திருக்கிறது. ஆண், பெண் வடிவங்கள் கூடி அதை உருவாக்குவது பூனையின் குடலில் மட்டும். ஊசிஸ்ட் என்று பெயர். அதே காலத்தில் பசிபிக் பவளத் தீவுகளில் நடந்த ஆய்வும் இதையே சொன்னது: பூனை இல்லாத தீவுகளில் மனிதர்களிடம் இந்தத் தொற்றின் தடயம் இல்லை.

ஆடு, கோழி, பன்றி, திமிங்கிலம், மனிதர் என்று வெப்ப இரத்தப் பிராணி எதற்குள்ளும் வாழத் தெரிந்த ஓர் உயிர், இனம் பெருக்க மட்டும் ஏன் பூனைக் குடும்பத்தையே தேடிப் போக வேண்டும்? இதற்குப் பதில் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆனது. சூரியகாந்தி எண்ணெயில் நிறைய இருக்கிறதே லினோலெயிக் அமிலம், அதை மற்ற பாலூட்டிகளின் குடல் ஒரு நொதியைக் கொண்டு வேறு பொருளாக மாற்றிவிடும். பூனையின் குடலில் அந்த நொதி வேலை செய்வதில்லை. அதனால் அந்த அமிலம் அங்கே அப்படியே தேங்கிக் கிடக்கிறது. டாக்ஸோபிளாஸ்மாவுக்கு அதுதான் ஊர் அடையாளம். 2019இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு லினோலெயிக் அமிலத்தைத் தீனியில் சேர்த்து, அந்த நொதியை மருந்தால் முடக்கினார்கள். ஒட்டுண்ணி ஏமாந்து போய்ச் சுண்டெலிக் குடலிலேயே ஊசிஸ்ட் போட்டது. இத்தனை கோடி ஆண்டுப் பழக்கத்தை ஒரு நொதியை நிறுத்தி மாற்றிவிட்டார்கள் என்பதை இன்றும் வியப்போடுதான் படிக்கிறேன்.

கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று வந்தால் கருவையும் பாதிக்கலாம். அதனால் வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது, "அந்தப் பூனையை எங்கேயாவது கொண்டு போய் விட்டுவிடு" என்பதுதான். மேலே சொன்ன கதையைப் பாதி கேட்டால் அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். மீதிப் பாதியையும் கேட்க வேண்டும்.

பூனை ஊசிஸ்ட் வெளியிடுவது பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை. வேட்டையாடப் பழகும் வயதில், தொற்றுள்ள எலியையோ குருவியையோ முதன்முதலாகத் தின்ற பிறகு, ஒன்று முதல் மூன்று வாரம் வரை. அந்த நாட்களில் லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் கொட்டும், உண்மைதான். பிறகு அதன் உடலில் எதிர்ப்பு உண்டாகிவிடும். பெரும்பாலும் மறுபடி வெளியிடாது. அந்தக் குறுகிய காலத்திலும் புதிதாக விழுந்த மலம் தொற்றாது. சுமார் 10 மைக்ரான் அகலமே உள்ள அந்த உருண்டை வெளிக்காற்றில் ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை கிடந்து முதிர வேண்டும். உள்ளே இரண்டு பைகள், பைக்கு நான்காக எட்டு உயிர்கள் உருவான பிறகுதான் அது ஆபத்தாகிறது. அதற்கும் பிறகு யாராவது அதை விழுங்க வேண்டும். மடியில் படுத்திருக்கும் பூனையின் முடியிலிருந்தோ மூச்சிலிருந்தோ இது தாவி வருவதில்லை. பூனை நாளெல்லாம் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி என்பதால், முடியில் ஒட்டியது முதிரும் வரை அங்கே தங்குவதும் அரிது.

ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வு இதையே எண்களில் காட்டியது. தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதம் வரை வேகாத, பதப்படுத்திய இறைச்சியின் கணக்கு. மண்ணோடு உறவாடியதால் வந்தது 6 முதல் 17 சதவீதம். பூனையோடு பழகுவது தனியாக ஓர் ஆபத்துக் காரணமாகத் தேறவில்லை.

நம் ஊரில் குழம்புக் கறியைக் கரையக் கரைய வேகவைக்கிறோம். சுமார் 67 டிகிரிச் சூட்டிலேயே இந்த ஒட்டுண்ணி செத்துவிடும் என்பதால் கொதிக்கிற குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. கவலை, உணவகத்துக் கபாப் நடுவில் சிவப்பாக இருந்தால். கறி நறுக்கிய அதே அரிவாள்மணையில் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கினால். காய்ச்சாத ஆட்டுப்பால் நல்லது என்று யாராவது நீட்டினால். உப்புப் பார்க்க வேகாத கறியை நாக்கில் வைக்கிற பழக்கமும் இதில் சேரும்.

நம் பக்கம் மண்ணும் நீரும் இறைச்சிக்குக் குறைந்தவை அல்ல என்பது என் எண்ணம். பம்பாய் சைவக்காரர்களின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவில் கருவுறும் வயதுப் பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று ஏற்கெனவே வந்து போயிருப்பதைக் கண்டது. நான்கு திசைகளில் தெற்கே அதிகம், ஏறக்குறைய 37 சதவீதம். ஈர மண்ணில் ஊசிஸ்ட் ஓர் ஆண்டுக்கு மேலும் தாங்கும். வீடு கட்டும் இடத்தில் கொட்டிய மணல் குவியலைப் பாருங்கள். தெருப்பூனைகளுக்கு அதைவிட நல்ல கழிப்பிடம் கிடையாது. பூனை கால் வைக்காத வீட்டின் மாடித் தோட்டத்துக்கும் மண் வெளியிலிருந்துதான் வருகிறது. கீரைக் கட்டும் கொத்தமல்லியும் அடி மண்ணோடு வருகின்றன. மசக்கையில் மண்ணையும் சாம்பலையும் தின்னத் தோன்றும் பெண்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிற அந்த ஆசையை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வாய் வழியாக ஊசிஸ்ட் நுழைய அதைவிட நேர்வழி இல்லை.

தண்ணீருக்குக் கோயம்புத்தூரே சாட்சி. 2004–05 வாக்கில் அங்கே கண் மருத்துவர்களிடம் பார்வை மங்கி வந்தவர்கள் திடீரென்று கூடினார்கள். 248 பேருக்கு டாக்ஸோபிளாஸ்மாவால் விழித்திரை அழற்சி. அவர்களின் முகவரிகள் நகரின் ஒரு பகுதியில் குவிந்திருந்ததால், சந்தேகம் அந்தப் பகுதியின் குடிநீர்த் தொட்டி மேல் விழுந்தது. குளோரின் ஊசிஸ்டை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் போதும்.

கருவுக்கு என்ன ஆகும்? கர்ப்பத்துக்கு முன்பே தொற்று வந்து போயிருந்தால், அந்த எதிர்ப்பு பிள்ளையையும் காக்கும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாக வருவதுதான் பிரச்சினை. பிரான்சின் லியோன் நகரில் இப்படித் தொற்றிய 603 பேரைப் பின்தொடர்ந்ததில் ஒரு வினோதமான முரண் தெரிந்தது. 13 வாரத்தில் தொற்றினால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை எட்டும் வாய்ப்பு 6 சதவீதம். 26 வாரத்தில் 40. 36 வாரத்தில் 72. ஆனால் சீக்கிரம் எட்டினால் மூளையிலும் கண்ணிலும் சேதம் கடுமையாக இருக்கும். தாமதமாக எட்டினால் குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கும். சிலருக்கு வளர்ந்த பிறகு கண்ணில் தழும்பு தெரியவரும். தொற்று உறுதியானால் கொடுக்க மருந்துகள் இருக்கின்றன. அதனால்தான் பிரான்சில் தொற்றாத கர்ப்பிணிகளை மாதாமாதம் சோதிக்கிறார்கள்.

இங்கே கர்ப்பிணிகளுக்குச் செய்கிற 'டார்ச்' என்ற இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. அறிக்கையில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் 'பாசிட்டிவ்' என்றதும் குடும்பமே கலங்கிப்போகிறது. தொற்று வந்து ஓராண்டு கடந்த பிறகும் சிலர் இரத்தத்தில் ஐஜிஎம் தங்கியிருக்கும். அது பழையதா புதியதா என்று சொல்ல 'அவிடிட்டி' என்ற இன்னொரு சோதனை இருக்கிறது. அதைப் பார்க்காமல் யாரும் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது.

பூனை வளர்க்கும் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மலத் தட்டைத் தினமும் ஒருமுறை சுத்தம் செய்தால் ஊசிஸ்ட் முதிர நேரம் கிடைக்காது. அந்த வேலையைக் கணவரோ மாமியாரோ ஏற்றுக்கொள்ளட்டும். வேறு ஆள் இல்லையென்றால் கையுறையும், பிறகு சோப்பும். பிளீச்சிங் பவுடரை நம்ப வேண்டாம், கொதிநீரை ஊற்றுங்கள். கறிக்கடைக்காரர் கொடுக்கும் கழிவைப் பூனைக்குப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துப் போடுங்கள். இந்தச் சமயத்தில் புதிதாகக் குட்டி எடுக்காமல் இருப்பது நல்லது. எலி பிடிக்கக் கற்றுக்கொள்கிற வயது அது. டாக்ஸோபிளாஸ்மாவோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் நம் நாட்டில் அதைவிட அவசரமானது: பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைக் கர்ப்பம் தடுக்காது. கர்ப்பத்துக்காக அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

சிலர் பூனையின் இரத்தத்தையே சோதித்துப் பார்க்கக் கால்நடை மருத்துவரிடம் போகிறார்கள். அங்கே முடிவைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கிறது என்று வந்தால் அந்தப் பூனை ஊசிஸ்ட் வெளியிட்டு முடித்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். அதனால் இனிப் பெரிய அச்சமில்லை. இல்லை என்று வந்தால்தான், பிரசவம் முடியும் வரை அதை எலி பிடிக்கப் போகாமல் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.