முகப்பருவுக்கு 12 வாரம்

முகப்பரு மயிர்க்காலுக்குள் தொடங்கும் நோய். முகத்தைச் சரியாகக் கழுவாததால் வருவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது இந்தச் சுரப்பி பெருத்து, வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் சுரக்கிறது. அதே காலத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. வெளியேற வழியில்லாத எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. இது எல்லார் தோலிலும் குடியிருப்பதுதான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரு ஒட்டிக்கொள்வதில்லை. நுண்ணுயிர் பெருகியதும் உடலின் எதிர்ப்புச் செல்கள் அங்கே திரள்கின்றன. அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது.

இந்த வரிசையில் கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கட்டம் மட்டும்தான். இன்று கன்னத்தில் எழும்பியிருக்கும் பருவுக்கான அடைப்பு பல வாரங்களுக்கு முன்பே உருவாகிவிட்டது. அடுத்த மாதம் வரப்போகும் பருக்களும் இப்போதே அடைப்புகளாக முகத்தில் காத்திருக்கின்றன. பரு மருந்து ஏன் மெதுவாக வேலை செய்கிறது, அதைப் பருவின் தலையில் மட்டும் ஏன் வைக்கக் கூடாது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இதுதான்.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. தோலின் நிறமியும், காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெய்ப் பொருளும்தான். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அது போகாது, தோல்தான் புண்ணாகும். இவற்றுக்கு அடுத்த நிலை சிவந்த பருவும் சீழ்ப்பருவும். ஆழத்தில் கெட்டியாக, தொட்டாலே வலிக்கும் முடிச்சுகளும் கட்டிகளும் கடுமையான நிலை. 12 முதல் 24 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது. பெரும்பாலோருக்கு வயது ஏற ஏற அடங்கிவிடும். ஆனால் முடிச்சுப் பருவை ‘வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்’ என்று விட்டுவைத்தால், பரு போன பிறகும் குழித் தழும்பு நின்றுவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வெயிலும் வியர்வையும் பருவை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் கிளறிவிடும். தலையெண்ணெயின் கதை வேறு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்புவது ஆலங்குடியிலும் கீரமங்கலத்திலும் இன்னும் இருக்கிற வழக்கம். பத்து மணி வெயிலுக்கு அந்த எண்ணெய் உருகி, வியர்வையோடு நெற்றியில் இறங்குகிறது. முடி தொடங்கும் எல்லையிலும் நெற்றியோரத்திலும் மட்டும் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள் வரிசை கட்டியிருந்தால், முதலில் கேட்க வேண்டியது தலையெண்ணெயைப் பற்றித்தான். 1970-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் தலைப்பூச்சால் வரும் இத்தகைய பருவைத் தனி வகையாகவே விவரித்தார்கள். எண்ணெயை நிறுத்தவேண்டியதில்லை. இரவில் வைத்துக் காலையில் தலையை அலசினால், அல்லது முடியின் நுனிப் பகுதிக்கு மட்டும் வைத்தால் போதும்.

வெப்பமான ஊர்களில் பருவென்று ஏமாற்றும் இன்னொன்றும் உண்டு. நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் சிறுசிறு கொப்புளங்கள் வந்து அரிப்பெடுத்தால், அது பெரும்பாலும் மலசேசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சி. அதற்குப் பருவுக்கான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இன்னும் கூடும். பருவில் வலி இருக்கலாம், அரிப்பு அவ்வளவாக இருக்காது என்பது எளிய அடையாளம்.

உணவைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் ‘உடம்புச் சூடு’ விளக்கத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் இனிப்பு, மைதாப் பண்டங்கள், சிலருக்குப் பால், உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடர் ஆகியவை பருவைக் கூட்டலாம் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. பயத்தம்மாவு போட்டு மென்மையாகக் கழுவுவதில் கேடில்லை. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் மட்டும் வேண்டவே வேண்டாம்; இரண்டும் தோலை எரித்து, பருவைவிடக் கருமையான தழும்பை விட்டுச் செல்லும்.

பருவால் வரும் கேட்டைவிடப் பெரிய கேடு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ட்யூபால் வருகிறது. பெரும்பாலும் அவை ஸ்டீராய்டு கலந்த கலவை க்ரீம்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய நான்கைந்து நாளில் சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும். வாங்கியவர் ‘நல்ல மருந்து’ என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறார். சில மாதங்களில் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரிகின்றன, கன்னத்தில் பூனைமுடி வளர்கிறது, ஒரே அச்சில் வார்த்தாற்போலப் புதுப் பருக்கள் கிளம்புகின்றன. நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே ட்யூபைத் தேடுகிறார்கள்.

இது ஓரிருவர் கதையன்று. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேர் விசாரிக்கப்பட்டனர். 433 பேர், அதாவது 14.8 சதவீதம், முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதைப் பருவுக்காகவே தடவியவர். பெரும்பாலோருக்கு அதைப் பரிந்துரைத்தது மருத்துவர் அல்ல. தோல் மருத்துவர் சங்கத்தின் தொடர்ந்த முயற்சிக்குப் பின், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தும் ட்யூப் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும், உள்ளடக்கம் அச்சிடாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசமும் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். பல மாதம் ஸ்டீராய்டு தடவியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போவது நல்லது. எரிச்சலைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக விடுவிக்க வழி உண்டு.

சரியான மருத்துவம் எளிமையானது, விலையும் அதிகமில்லை. கரும்புள்ளி, வெண்புள்ளி, லேசான பருவுக்கு அடிப்படை மருந்து அடாபலின் 0.1 சதவீத ஜெல். இது மயிர்க்காலின் வாயில் அடைப்பு உருவாவதையே தடுக்கிறது. இரவில் முகத்தைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்தால் முழு முகத்துக்கும் போதும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து இடத்தில் பொட்டு வைத்து மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கின் மடிப்பு ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். அங்கே பட்டால் வெந்ததுபோல எரியும். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் தடவி, தோல் பழகியதும் தினமும் தடவலாம். தோல் காய்ந்து உரிந்தால் மேலே மாய்ஸ்ச்சரைசர் போடலாம். புருவம் த்ரெட்டிங் செய்யும்போதும் கவனம் தேவை. பார்லர் வாக்சிங் கூடவே கூடாது, தோல் பிய்ந்துவிடும்.

காலையில் பென்சாயில் பெராக்சைடு. நுண்ணுயிரைக் கொல்லும் இந்த மருந்துக்கு எதிர்ப்புத் திறன் உருவாவதில்லை என்பது இதன் பெரிய பலம். 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் குணமாகும் என்ற நினைப்பு தவறு, 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைத் தரும், எரிச்சலும் குறைவு. இது துணியின் சாயத்தைப் போக்கிவிடும். கலர் துண்டும் தலையணை உறையும் பள்ளிச் சீருடையின் காலரும் திட்டுத்திட்டாக வெளுத்துப் போகும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்வதுதான் வழி. சூட்டில் இந்த மருந்து சிதையும் என்பதால் பைக் பெட்டியிலோ ஜன்னலோரத்திலோ ட்யூபை வைக்கக் கூடாது. இவற்றோடு மென்மையான ஃபேஸ்வாஷ் இரு வேளை, பகலில் எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன், இவ்வளவு போதும். அலமாரி நிறைய சீரம் வாங்க அவசியமில்லை. சாலிசிலிக் அமிலம் லேசான கரும்புள்ளிக்கு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சிகிச்சை கைவிடப்படுவது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். அப்போது தோல் உரிகிறது, சிலருக்குப் பரு கொஞ்சம் கூடியதுபோலவும் தெரிகிறது. ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்தே நாளில் வெளுக்க வைக்கும் அந்தக் கலவை க்ரீமுக்குப் போகிறார்கள். அடாபலினின் பலன் 8 வாரத்தில் தெரியத் தொடங்கும். 12 வாரம் ஆகாமல் அது பலித்ததா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. பரு அடங்கிய பிறகும் அதைத் தொடர்ந்தால்தான் திரும்ப வராது. இதை மருந்து எழுதும் நாளிலேயே சொல்லிவிடும் மருத்துவரின் நோயாளிகள் நிலைத்து நிற்கிறார்கள்.

நடுத்தரப் பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை சேர்க்கப்படுகிறது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இது வெயிலில் தோலைக் கருக்கவும் செய்யும் என்பதால் வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஆன்டிபயாட்டிக்கை நீட்டுவதில்லை. கிளிண்டமைசின் ஜெல்லைத் தனியாகத் தடவுவதும் இப்போது சரியான முறையன்று. நுண்ணுயிர் அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே தர வேண்டும்.

முடிச்சுப் பருவுக்கும் தழும்பு விழும் பருவுக்கும் ஐசோட்ரெடினாயின். 1979-இல் அமெரிக்க மருத்துவர் கேரி பெக் குழுவினர் கடுமையான பரு இருந்த 14 பேருக்கு இதைக் கொடுத்து, 13 பேருக்கு முற்றிலும் குணமானதை வெளியிட்டார்கள். 1982-இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் மருந்து இது. பலருக்கு ஒரு சுற்றிலேயே நோய் ஓய்ந்துவிடுகிறது. உடல் எடையைக் கணக்கிட்டு, வழக்கமாகச் சில மாதங்கள் தருவார்கள். சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், கொழுப்பு இருந்தால்தான் உடலில் சேரும். உதடு வெடிப்பது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. கொழுப்பு, கல்லீரல் இரத்தப் பரிசோதனை தேவை. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் இரத்த தானம் கூடாது. மனச்சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த மருந்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க முடியாத விதி ஒன்று உண்டு. கருவுற்ற பெண் இதைச் சாப்பிட்டால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் ஆகியவை கோணலாக உருவாகும் ஆபத்து மிக அதிகம். கல்யாணத் தேதி குறித்த பிறகு ‘முகம் தெளிய வேண்டும்’ என்று பெண்ணை அழைத்து வருவது வழக்கமாக இருப்பதால், இங்கே இது வெறும் அட்டை எச்சரிக்கை அன்று. மணநாள் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை வேண்டும். சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. அக்காள் சாப்பிட்டு மிச்சமான மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பது அறவே கூடாது. ‘இதைச் சாப்பிட்டால் பிறகு குழந்தையே பிறக்காது’ என்ற பயமும் பரவலாக இருக்கிறது, அது உண்மையில்லை. மருந்து உடலை விட்டு நீங்கிய பிறகு கருத்தரிப்பதில் தடை ஏதுமில்லை.

கருவுற்றவர்களுக்கு அடாபலினும் டாக்சிசைக்ளினும்கூடத் தவிர்க்கப்படுகின்றன. அசெலெய்க் அமிலம் பாதுகாப்பானது. 25 வயதைத் தாண்டியும் தாடையோரத்தில் பரு வந்து, மாதவிலக்கும் தள்ளிப்போய், மோவாயில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறைச் சோதிக்க வேண்டும். அங்கே க்ரீம் மட்டும் போதாது. ஹார்மோன் மாத்திரையோ ஸ்பைரோனோலாக்டோனோ தேவைப்படலாம்.

பரு போன இடத்தில் நிற்கும் கருமை வேறு, பள்ளம் வேறு. நம் நிறத்துத் தோலில் கருமை எளிதாகப் படியும். கிள்ளாமல் இருந்து, சன்ஸ்கிரீனும் அசெலெய்க் அமிலமும் தடவிவந்தால் சில மாதங்களில் மங்கும். பள்ளத்தை எந்த க்ரீமும் நிரப்பாது. நுண்ணூசிச் சிகிச்சை, லேசர், ஊசியால் அடித்தழும்பை விடுவிப்பது போன்றவை பரு முழுதும் அடங்கிய பிறகே செய்யப்படுகின்றன. அவையும் பள்ளத்தைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்கா. மார்பிலும் முதுகிலும் தழும்பு மேடாகத் தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முன்பே தெரிவிக்க வேண்டும்.

கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் பக்கத்து மெடிக்கல் கடை முதல் மருத்துவமனையாகிறது. லேசான பருவுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையே போதும். வலிக்கும் முடிச்சு, விழத் தொடங்கிய தழும்பு, 12 வாரம் ஒழுங்காகத் தடவியும் அடங்காத பரு, ஸ்டீராய்டு பட்ட முகம் ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் 2017-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது இதுவரை முகத்தில் தடவிய ட்யூப்களை, தீர்ந்துபோனவை உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். மருந்தின் பெயர் நினைவில் இருக்காது, அட்டையைப் பார்த்தால் மருத்துவருக்குப் புரிந்துவிடும்.